காயப்போட்ட மரத்துக்கு ஒரு பிடி யூரியா

2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் எங்கள் எலுமிச்சைத் தோட்டம் சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் செழித்திருந்தது. நுனிக்கு நுனி இளம் கொழுந்து, வெயில் பட்டால் மினுங்கும் வெளிர்ப் பச்சை. அந்தச் செழிப்பைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. நான் யூரியா தெளித்தது இலைக்காக அல்ல, பூவுக்காக. இருநூற்றைம்பது மரத்தையும் சுற்றி வந்து தேடியதில் ஒரு கை மொக்குகூடத் தேறவில்லை.

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடியை ஒட்டி இரண்டு ஏக்கர் செம்மண்ணில் இருக்கிறது எங்கள் தோட்டம். இந்தப் பக்கத்தில் எலுமிச்சை தானாகப் பூப்பது பெரும்பாலும் தை, மாசியில். அந்தக் காய் ஆனி, ஆடியில் வண்டி வண்டியாகச் சந்தைக்கு வரும்போது, மூட்டை தூக்கும் கூலிக்காவது கட்டுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் காய் வைத்திருப்பவருக்குத்தான் விலை. பூவிலிருந்து அறுவடைக்கு ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், பங்குனியில் காய் வேண்டுமென்றால் புரட்டாசியில் பூ வர வேண்டும். அந்தப் பூவை வரவழைக்க எலுமிச்சை விவசாயிகள் எத்தனையோ வழிகளை முயன்றிருக்கிறார்கள். அதில் எனக்குக் கிடைத்த யோசனை இலைவழித் தழைச்சத்து, அதாவது நைட்ரஜனை இலையில் தெளித்துக் கொடுப்பது. உரக்கடையில், "ரெண்டு சதவீதம் யூரியா அடிங்க அண்ணாச்சி, பூ கொட்டும்" என்றார்கள். நானும் ஆடிச் சாரலின் நடுவே, சொட்டுநீரையும் நிறுத்தாமல், லிட்டருக்கு 20 கிராம் வீதம் இரண்டு முறை அடித்தேன்.

கொட்டியது கொழுந்துதான். அந்தக் கொழுந்துக்காகவே காத்திருந்ததுபோல் இலைத்துளைப்பான் வந்து, ஒவ்வொரு இலையிலும் வெள்ளிக் கம்பியால் கோலம் போட்டது. அது துளைத்த இடங்களில் சொறி நோயும் பிடித்துக்கொண்டது. அப்போது என் சித்தப்பா வரப்பில் நின்று சொன்ன வாக்கியத்தை இன்றும் மறக்கவில்லை. "ஏலே, மரத்தக் காயப்போடாம மருந்த மட்டும் அடிச்சா, அது தின்னுட்டுத் தூங்கும்ல."

காயப்போடுவது என்றால் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுவது. அவர் சொன்னதற்கு உடல்செயலியல் விளக்கம் இருக்கிறது என்பது அந்த மழைக்காலத்தில் உட்கார்ந்து படித்த பிறகுதான் தெரிந்தது. படித்தவற்றை என் தோட்டத்தில் கண்டதோடு சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களில் ஒரு மொட்டு இலைக்கிளையாகப் போவதா, பூவாகப் போவதா என்ற முடிவில் ஜிப்ரலின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது மிகுந்திருந்தால் மொட்டு கிளையாக நீளும். ஜிப்ரலிக் அமிலத்தைத் தெளித்தால் பூ குறைகிறது என்பதை மோன்செலீஸ், ஹாலெவி என்ற இருவர் இஸ்ரேலில் ஷமூட்டி ஆரஞ்சில் ஆராய்ந்து 1964-இலேயே எழுதியிருக்கிறார்கள். நன்றாக நீர் குடித்து, வேர் ஓடி, நுனி வளர்ந்துகொண்டிருக்கும் மரத்தில் இந்த ஹார்மோன் குறைவதற்குக் காரணமே இல்லை. குளிரோ வறட்சியோ மரத்தைத் தாக்கும்போதுதான் வேரும் நுனியும் வளர்ச்சியை நிறுத்துகின்றன, அப்சிசிக் அமிலம் என்ற வாட்ட ஹார்மோன் கூடுகிறது, பூப்பைத் தூண்டும் எஃப்.டி. என்ற மரபணு இலையில் விழித்துக்கொள்கிறது. ஜப்பானில் சட்சுமா மாண்டரினில் குளிரின்போது இந்த மரபணு கூடுதலாகச் செயல்படுவதை 2007-இல் காட்டினார்கள். வறட்சியிலும் அதே மாற்றம் நிகழ்வது பிறகு ஆரஞ்சு மரங்களில் தெரியவந்தது. குளிர் என்பதே அறியாத எங்கள் ஊருக்கு வறட்சி ஒன்றுதான் வழி. ஃபுளோரிடாவில் தொட்டியில் வளர்த்த தாஹிதி எலுமிச்சையில், நீரைக் குறைத்து இரண்டே வாரத்தில் பூப்பைத் தூண்ட முடியும் என்று சௌத்விக்கும் டேவன்போர்ட்டும் 1986-இல் எழுதினார்கள். தோட்டத்து மரத்தின் வேர் தொட்டிக்குள் அடைபட்டது அல்ல என்பதால் நமக்கு நாள் கூடுதலாக ஆகிறது.

இந்த இடத்தில்தான் தழைச்சத்து வருகிறது. ரிவர்சைடு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேரல் லோவட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு என் குழப்பத்தை நேராகத் தொட்டது. குளிரிலோ வறட்சியிலோ வாடும் மரத்தின் இலையில் அம்மோனியா சேர்கிறது. அது கூடக் கூடப் பூவும் கூடுகிறது. வாட்டம் போதாமல் இருக்கும் மரத்தின் இலையில் யூரியாவைத் தெளித்தால், இலையிலுள்ள யூரியேஸ் நொதி அதை உடைத்து அதே அம்மோனியாவைத் தருகிறது, பூவின் எண்ணிக்கை கூடுகிறது. அம்மோனியா தேங்கினால் செல்லுக்கு நஞ்சு. ஆகவே மரம் அதை அர்ஜினின் என்ற அமினோ அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அர்ஜினினிலிருந்து பாலிஅமீன்கள் பிறக்கின்றன. செல் பிரிந்து பெருகும் இடத்திலெல்லாம், அதாவது மொக்கிலும் பூவின் சூலகத்திலும், இவற்றுக்கு வேலை இருக்கிறது. பின்னர் வாஷிங்டன் நேவல் ஆரஞ்சுத் தோட்டத்தில், பூப்பதற்கு முன்னே குளிர்காலத்தில் பையூரெட் என்ற வேண்டாத கலப்பு குறைந்த யூரியாவை இலையில் தெளித்து, விளைச்சல் கூடுவதையும் அவர்கள் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்தபோது என் தவறு கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது. அவர்கள் தெளித்தது வாட்டம் பட்ட மரத்துக்கு. நான் தெளித்தது சாரலில் நனைந்து நின்ற மரத்துக்கு. நனைந்த மரம் கிடைத்த தழைச்சத்தைக் கொண்டு கிளையை நீட்டும், கிளை நீண்டால் ஜிப்ரலின் இன்னும் கூடும். பூவுக்கு எதிரான வேலையை நான் காசு கொடுத்துச் செய்திருக்கிறேன்.

ஒரு சிறு கணக்கையும் இங்கே போட்டுப் பார்த்துவிட வேண்டும். பலன் தரும் எலுமிச்சை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 600 கிராம் தழைச்சத்து மண்ணில் இடச் சொல்வது வழக்கம். யூரியாவாகப் பார்த்தால் அது 1.3 கிலோ. இலையில் ஒரு சதவீதக் கரைசலை மரத்துக்கு 6 லிட்டர் தெளித்தால் போவது 60 கிராம் யூரியா, அதில் தழைச்சத்து 28 கிராமுக்கும் குறைவு. பசியாற்றும் அளவு இதில் இல்லை. மண்ணுக்கு இடுவதை நிறுத்திவிட்டு இலைக்கு மட்டும் தெளித்து ஒப்பேற்றிவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். இந்த 28 கிராம் எந்த நாளில் இலைக்குள் போகிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

2022-இல் வாட்டத்தைச் சரியாகச் செய்தேன், யூரியாவில் தவறினேன். மண்ணுக்கு வாங்கி வைத்திருந்த 45 கிலோ மூட்டையிலிருந்தே எடுத்துக் கரைத்தேன். வேப்பெண்ணெய் பூசிய யூரியா என்பதால் கரைசலின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்து, தெளிப்பானின் முனை அடிக்கொரு தரம் அடைத்தது. அது சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. இலையின் நுனி, யாரோ மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் மாறியிருந்தது, காம்புப் பக்கம் பச்சையாகவே இருந்தது. இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து நுண்ணூட்டம் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. நோய்க்கு மருந்து அடிக்கவும் கிளம்பியபோதுதான், மூட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்: பையூரெட், எடையில் அதிகபட்சம் 1.5 சதவீதம்.

யூரியாவைத் தயாரிக்கும்போது சூட்டில் இரண்டு யூரியா மூலக்கூறுகள் இணைந்து உண்டாவது பையூரெட். மண்ணில் இட்டால் இந்த அளவுக்குப் பெரிய தீங்கு நேர்வதில்லை. இலையில் பட்டால், அதிலும் எலுமிச்சைக் குடும்பத்து இலையில் பட்டால், அது எளிதில் சிதையாமல் தங்கிவிடுகிறது, புரத உற்பத்தியைக் கெடுக்கிறது. மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. உதிரும் வரை அப்படியே இருக்கும். இலைத் தெளிப்புக்கென்று விற்கும் யூரியாவில் பையூரெட் 0.25 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒரு சதவீதக் கரைசலில் மூட்டை யூரியா லிட்டருக்கு 150 மில்லிகிராம் பையூரெட்டைக் கொண்டுவரும், இலைத் தெளிப்பு யூரியா கொண்டுவருவது 25 மில்லிகிராமுக்குள். விலை பல மடங்கு என்பது உண்மைதான், ஆனால் மரத்துக்கு 60 கிராம்தானே தேவை. பொட்டலத்தில் பையூரெட் அளவு அச்சிடப்படாத எதையும் நான் இப்போது வாங்குவதில்லை, கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

அந்த ஆண்டு பூ ஓரளவு வந்தது. மஞ்சள் நுனி இலைகளால் பிஞ்சைத் தாங்க முடியவில்லை; பாதிக்கு மேல் கடலை அளவிலேயே கொட்டிவிட்டது.

2023-இல் எல்லாம் கூடி வந்தது. அதில் என் திறமை பாதி, வானம் பாதி. 1901-இலிருந்து உள்ள கணக்கில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட் அந்த ஆண்டு ஆகஸ்ட். ஊரெல்லாம் மழையில்லை என்று வருந்தியபோது என் மரங்கள் நான் விரும்பிய வாட்டத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஆடி முடியும் முன்பே மரத்தில் மீதமிருந்த காயை, சிறிது பெரிது பாராமல், பறித்துவிட்டேன். மரத்தில் தொங்கும் காய் பூப்பைத் தூண்டும் மரபணுவை அடக்கி வைக்கிறது, காயின் விதையும் ஜிப்ரலினைச் சுரக்கிறது; காயோடு மரத்தைக் காயப்போட்டால் வாட்டம்தான் மிஞ்சும், பூ வராது. பிறகு ஆகஸ்ட் 10-ஆம் தேதி சொட்டுநீர் வால்வை மூடினேன்.

காயப்போடுவதில் நாளை எண்ணிப் பயனில்லை, இலையைப் பார்க்க வேண்டும். முதல் பத்து நாளில் நண்பகலில் மட்டும் இலை படகுபோல் மடங்கி, மாலையில் விரிந்துவிடும். அதற்கடுத்த நாட்களில் மடங்கிய இலை இருட்டிய பிறகுதான் விரியும். விடியற்காலை ஆறு மணிக்கும் இலை முழுதாக விரியாமல், பளபளப்பு மங்கி, நரம்பு தெரியத் தொடங்கினால் மரம் பக்குவத்துக்கு வந்துவிட்டது. அடி இலையில் நாலில் ஒரு பங்கு உதிரும் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் பொறுத்தால் நுனிக் குச்சி காயும். என் செம்மண்ணில் இதற்கு இருபத்தைந்து நாள் ஆனது. மணல் சேர்ந்த நிலத்தில் பதினைந்து நாளே போதும், கரிசலில் ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அதே தோட்டத்தில் தென்மேற்கு மூலையில் அடியில் பாறை இருக்கிறது. அங்கே நின்ற மூன்று மரங்கள் பதினான்காம் நாளே மொட்டையாகிவிட, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அவற்றில் ஒன்று பிழைக்கவில்லை. நுனிக்கருகல் உள்ள மரத்தையும், பலன் தரத் தொடங்காத இளமரத்தையும் காயப்போடவே கூடாது.

செப்டம்பர் 4-ஆம் தேதி விடியுமுன் தெளிப்பைத் தொடங்கினேன். இலைவழி உரத்தை மாலையில் அடிக்கச் சொல்வார்கள். மற்ற நேரத்துக்கு அது சரி. வாடிய மரத்தின் இலை மாலையில் சுருண்டு கிடக்கும், சுருண்ட இலையில் கரைசல் பட்டுப் பயனில்லை, கருகலும் வரும். இரவெல்லாம் வேர் இழுத்த கொஞ்ச ஈரத்தில் இலை ஓரளவாவது விரிந்திருப்பது விடியற்காலையில்தான். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பத்து லிட்டர் வாளியில் 100 கிராம் யூரியாவைப் போட்டுக் கையால் கலக்கினால் நீர் சட்டென்று குளிர்ந்துவிடும். யூரியா கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வரும் குளிர் அது. அதனால் கரைய நேரமாகும். அடியில் பரல் மிச்சமிருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்த்த பிறகே தெளிப்பானில் ஊற்றுவேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, காரத்தன்மை கூடியது. சற்றே அமிலமான நீரில் யூரியா இலைக்குள் நன்றாக இறங்கும் என்பதால், லிட்மஸ் தாளைப் பார்த்துப் பார்த்து, பறித்துப் போட்டிருந்த விலை போகாத காயையே பிழிந்து சேர்த்தேன். எலுமிச்சைக்கு எலுமிச்சைச் சாறு என்று வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். வடிகட்டாமல் விட்டதால் சதை போய் முனையை அடைத்தபோது நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. துணியில் வடித்துச் சேர்ப்பது நல்லது. இலையின் மேற்பரப்பில் மெழுகு தடித்திருக்கும், துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். ஆகவே முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடிக்க வேண்டும். தாமிரக் கரைசலையோ பூச்சிமருந்தையோ இதனுடன் கலக்கவில்லை. ஒரு சதவீதத்தைத் தாண்டவும் இல்லை. வாடிய இலை இரண்டு சதவீதத்தைத் தாங்காது.

நான்கு நாள் விட்டு 8-ஆம் தேதி முதல் தண்ணீர். அன்று கொஞ்சமாக, மூன்றாம் நாள் அதைவிடக் கூடுதலாக, ஒரு வாரம் கழித்துப் பாத்தி நிறைய. காய்ந்த மரத்துக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் இலை மொத்தமாகக் கொட்டிவிடும். இரண்டாம் தண்ணீரோடு தொழுவுரத்தையும், மண்ணுக்குரிய தழைச்சத்தில் ஒரு பகுதியையும் இட்டேன். வேர் மறுபடி ஓடத் தொடங்கி மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சும்போது சைட்டோகைனின் என்ற ஹார்மோன் உண்டாகி மேலே ஏறும். தூங்கும் மொட்டைத் திறப்பது அது. பூவாக முடிவான மொட்டு திறந்தால் பூ, முடிவாகாத மொட்டு திறந்தால் இலை. மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும் நேரம், வாட்டம் முடிந்த பின் என்பதற்கு இதுவே காரணம்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் கணுவுக்குக் கணு ஊதா ஓரமிட்ட மொக்கு. ஆனால் கிழக்கு ஓர வரிசை மட்டும் பச்சையாகக் கொழுந்து விட்டிருந்தது. அதே நாளில், அதே கரைசலில், அதே கையால் அடித்த மரங்கள். பக்கத்து நிலத்தில் வாழை. அந்த வாய்க்காலின் கசிவு என் வரப்பைத் தாண்டி அந்த வரிசையின் வேருக்கு வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. 2021-இல் தோட்டம் முழுக்க நான் செய்த தவறை அந்த வரிசை தனியாக எனக்குச் செய்து காட்டியது. இப்போது ஜூலையிலேயே அந்த வரப்போரம் இரண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டிவிடுகிறோம்.

2024-இல் வேறு ஒன்றைச் சரிபார்த்தேன். நடுவில் இரண்டு வரிசைகளைக் காயப்போட்டு, யூரியா அடிக்காமல் விட்டு, கிளைகளில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தேன். அவற்றிலும் பூ வந்தது, குறைவில்லாமலே வந்தது. ஆனால் இலையில்லாத வெறும் கொத்துப் பூ அங்கே மிகுதி. யூரியா பட்ட மரங்களில் இரண்டு மூன்று புது இலையோடு சேர்ந்து வந்த பூங்கொத்து மிகுதி. இலையோடு வரும் பூவில்தான் பிஞ்சு நிற்கும் என்பது எலுமிச்சை வளர்ப்போர் எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி மழைக்குப் பின் சிவப்புத் துணிக் கிளைகளில் பிஞ்சு மெலிந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே என் தோட்டத்தில் பூவை அழைப்பது வாட்டம், அழைத்து வந்த பூவைப் பிஞ்சாக நிறுத்துவதில்தான் யூரியாவின் பங்கு பெரிது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தெளிப்புக்கு மட்டுமே இடம் என்றால், வாட்டம் முடியும் தறுவாயில் உள்ள அந்த நான்கைந்து நாளை விட்டுவிடக் கூடாது.

ஜிப்ரலிக் அமிலம், சைக்கோசெல், பொட்டாசியம் நைட்ரேட் என்று மூன்றையும் வரிசையாகத் தெளிக்கும் பரிந்துரையும் இருக்கிறது: ஜூனில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஜிப்ரலிக் அமிலம் கொடுத்து வேண்டாத பூவை அடக்குவது, செப்டம்பரில் 1000 பி.பி.எம். சைக்கோசெல் கொடுத்து மரத்துக்குள் ஜிப்ரலின் உண்டாவதைத் தடுப்பது, அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட்டால் மொட்டைத் திறப்பது. ஹார்மோன் கணக்கில் அது வெகு நேர்த்தியானது. வாட்டம் கொடுக்க முடியாத கனத்த மண்ணுக்கும், ஆகஸ்ட் முழுக்கச் சாரல் விழும் இடத்துக்கும் அதுவே பொருத்தம். எங்களுக்கு அக்டோபர் என்றால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். பூ விரிந்திருக்கும்போது அடைமழை பிடித்தால் அத்தனையும் தரையில். அதனால்தான் நான் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளி, மழை வரும்போது மரத்தில் மிளகு அளவுப் பிஞ்சாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையின்போது காய்கள் நெல்லிக்காய் அளவைத் தாண்டியிருந்ததால்தான் பெரும்பகுதி நின்றது. தண்ணீர் தேங்கிய தாழ்வான பாத்திகளில் மட்டும் வேர் அழுகி இரண்டு மரம் போயிற்று.

தை மாதம் தானாக வரும் பூவுக்கும் இதே தெளிப்பைக் கொடுக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கொடுத்தால் காய் கூடத்தான் செய்யும். ஆடியில் சந்தை நிரம்பி வழியும்போது அந்தக் கூடுதல் காயைப் பறிக்கும் கூலி என் கையைக் கடிக்கும். அதனால் தையில் தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பங்குனிக் காய்க்குத் தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்வதோடு சரி.